கணக்கில் வராத அத்தை

என் அத்தை செத்த அன்றைக்கு அப்பா போட்ட சண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. பொன்னேரிப் பக்கம் பிறந்தவளைத் திருப்பாச்சூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பாடை கட்டி முடித்து, தூக்குவதற்கு ஆள் வந்து நின்ற நேரத்தில், அப்பா கையில் ஒரு புதுப்புடவையைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தார். செத்த பெண்ணின் மேல் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும் என்பது எங்கள் ஜனங்களின் முறை. அத்தை வீட்டார் அவசரத்தில் தங்கள் புடவையை முதலில் போர்த்திவிட்டிருந்தார்கள்.

“எங்க ஊட்டுப் பொண்ணுடா அவ! எங்க ரத்தம்! எங்க கோடி விழாம எவன் தூக்கறான்னு பாக்கறேன்!”

ஜெயித்தது அப்பாதான். போர்த்தியதை எடுத்துவிட்டு எங்கள் புடவையைப் போட்டு, அதற்கு மேல் அவர்கள் புடவையைப் போட்டார்கள். இரண்டு புடவைக்கும் கீழே அத்தையின் வயிறு மேடு தட்டித் தெரிந்தது. கையும் காலும் குச்சியாகிவிட்டிருந்தன. சினைப்பையில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வந்ததில்லை. ‘வயித்துக் கட்டி’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். புடவைக்காக ஊரைக் கூட்டிய தொண்டை நோய்க்கு மட்டும் கம்மிவிட்டது.

இதே அத்தையின் மகனுக்கு என்னைக் கேட்டபோதும் அப்பா இதே ரத்தத்தைத்தான் பேசினார். “ரத்தம் வெளிய போவாது, நிலமும் வெளிய போவாது” என்று மடியில் தட்டிக்கொண்டு சொன்னார். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, மாட்டேன் என்றேன். அதற்கப்புறம் வந்த ஒன்றிரண்டு பேரும் எனக்குச் சரிப்படவில்லை. கட்டிக் கொடுக்க முடியாமல் போனதால் இந்த வயதிலும் நான் மட்டும் பிறந்த வீட்டு ஆளாகவே இருக்கிறேன். இது எனக்குக் கிடைத்த பதவி.

கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறேன். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. வார்த்து வரும் இரும்புச் சாமானில் கீறல் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. என் தங்கைக்கு அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை. அவளைப் புதுவாயலில் கட்டிக் கொடுத்திருந்தது. கூட்டு ரோட்டில் அவள் புருஷனுக்கு ஹார்டுவேர் கடை. மாமியார், பொன்னேரியில் காலேஜ் படிக்கும் ஒரு மகள். அவ்வளவுதான் குடும்பம்.

ஒரு மகளிர் தினத்தன்று கம்பெனி கேன்டீனில் விழா வைத்தார்கள். மேனேஜர் மேடை ஏறிப் பெண்கள் நாட்டின் கண்கள் என்றார். அந்தக் கண்களுக்கான கக்கூஸில் தண்ணீர் வந்து மாசக்கணக்காகிறது என்பதை அவரிடம் சொல்வாரில்லை. ஆளுக்கு ஒரு ஜூஸ், ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ரோஜா. ஓரத்தில் மேஜை போட்டு டை கட்டிய ஒருவன் மரபணுப் பரிசோதனை விற்றுக்கொண்டிருந்தான். குழாயில் எச்சில் துப்பினால் போதுமாம். ஹார்மோன் ரிசப்டர் ஜீனைப் படித்துக் கர்ப்பப்பை, சினைப்பை சமாச்சாரத்தில் கேன்சர் வருமா வராதா என்று ஒரே தாளில் சொல்லிவிடுவானாம். கிளி ஜோசியக்காரன் இவனைவிட யோக்கியன், அவன் கிளிக்காவது நெல் போடுகிறான்.

இதெல்லாம் தங்கை சொல்லிக் கேட்டதுதான். அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிப்ட். நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கை துப்பியிருந்தாள். மேஜையில் டை கட்டியவனோடு இருந்த பெண் அவளிடம், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டிருக்கிறாள். எங்க ஊட்ல யாருக்கும் இல்லீங்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லவில்லை, பாவம். கட்டிக் கொடுத்த பெண் அந்த வீட்டைச் சேர்ந்தவள், அவளுக்கு வரும் நல்லதும் கெட்டதும் அந்த வீட்டைச் சேர்ந்தது என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அத்தை அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

கொஞ்ச நாளில் ரிப்போர்ட் அவள் போனுக்கு வந்தது. பச்சை வட்டம், நடுவில் சராசரி என்று ஒரு வார்த்தை, கீழே சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அவள் புருஷன் அதைக் குடும்பத்து வாட்சப் குரூப்பில் போட்டான். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாத என் அப்பா அதற்குக் கும்பிடும் கையை நாலு தடவை போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது, “பாத்தியா, நம்ம பரம்பரை சுத்தம்னு கம்பூட்டரே சொல்லிட்ச்சு” என்றார்.

பச்சைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கும் புத்தி எங்கள் குரூப்பில் ஒருவருக்கும் இல்லை. கீறல் விழுந்த சாமானுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி லாரி ஏற்றுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்த ரிப்போர்ட் வெறும் காசு பிடுங்கும் வேலையாகத்தான் தெரிந்தது. ஆளைக் கொல்லும் என்று தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் தங்கை சோற்றைத் தள்ள ஆரம்பித்தாள். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

“ரெண்டு வாய் துன்னாலே வயிறு முட்டிக்கினு வருதுக்கா. அடிக்கடி பாத்ரூம் வேற.”

பாவாடை நாடா இறுக்குகிறது என்றாள். ஆனால் அவள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மேலே வற்றி நடுவில் உப்புகிற உடம்பை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். திருப்பாச்சூர்க் கோயில் திருவிழாவில், ஐம்பது தாண்டிய அத்தையின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பூக்காரி எத்தனை மாசம் என்று கேட்டதும், அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டதும் என் கண்ணில் நிற்கிறது.

அவள் வீட்டில் அதற்கு நடந்த வைத்தியத்தைச் சொல்கிறேன். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கடை சோடா. மெடிக்கல் ஷாப்பில் நிற்கும் பையன் கொடுத்த கேஸ் மாத்திரை. மாமியார் தன் பங்குக்கு, “பொண்ணு காலேஜ் போவுது, இவளுக்குச் சீமந்தம் வெக்கணும் போலகீது” என்று அக்கம்பக்கத்தாரைச் சிரிக்க வைத்தாள். என் தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம். அதை அவளே என்னிடம் சொன்னபோது அறைந்துவிடலாம் போல இருந்தது.

புதுவாயலுக்குப் போய் அவள் புருஷனிடம் கடையிலேயே பேசினேன். பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றேன். அவன் பைப் அளந்துகொண்டே போனை எடுத்துப் பச்சை வட்டத்தைக் காட்டினான்.

“நார்மல்னு வந்துகீதில்லக்கா? லேப்காரனுக்குத் தெரியாதது உங்களுக்கு இன்னா தெரியும்? சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

“எங்க அத்தைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு.”

“அது உங்க அத்த ஊட்டு சமாச்சாரம்.”

சொல்லிவிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. என் அப்பாவின் வாயிலிருந்து வந்ததைத்தான் திருப்பிச் சொன்னான். மாமனாரிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவனிடம் சொல்லாமல் மறுநாளே தங்கையைப் பொன்னேரிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தேன். ஸ்கேன் எடுத்த அம்மா கருவியை ஒரே இடத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சினைப்பையில் கட்டி, வயிற்றில் நீர், உடனே சென்னைக்குப் போங்கள் என்றார். அதற்கப்புறம்தான் வீட்டு ஆண்களுக்குப் பொறுப்பு வந்தது. அப்பா கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிற தோரணையில் ஸ்டேஷனுக்கு வந்தார். தங்கை புருஷன் போனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தான். ரயிலில் இரண்டு பேரும் நெல் விலையைப் பற்றிப் பேசினார்கள். அவள் ஜன்னலோரம் வயிற்றின் மேல் பையை வைத்து மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சென்னையில் அந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு தங்கையிடம் கேட்டார்.

“குடும்பத்துல யாருக்காவது சினைப்பை, மார்பு, குடல், இதுல கேன்சர் இருந்துச்சாம்மா?”

தங்கை வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“எங்க பரம்பரையில அந்தப் பேச்சே கெடையாதும்மா. இவங்கம்மா கூட ஹார்ட் அட்டாக்ல தான் போனா.”

“டெஸ்டே எடுத்துட்டோம் மேடம்” என்று புருஷன் போனை நீட்டினான். “ஜீன் டெஸ்ட். நார்மல்.”

டாக்டரம்மா அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இந்த மாதிரித் தாள்களை நிறையப் பார்த்துச் சலித்துப்போன முகமாக இருந்தது. பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொண்டால், ஹார்மோன் சரக்கு லாரி. ரிசப்டர் என்பது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. அவன் கை காட்டினால்தான் லாரி உள்ளே போகும், உள்ளே வேலை தொடங்கும். அந்த செக்யூரிட்டியை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு நமக்கு அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பிறக்கும்போதே வருகிறது. அதில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. ஒருவன் கொஞ்சம் தாராளம், ஒருவன் கெடுபிடி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களுக்குமே சினைப்பையில் வேலை இருப்பதால், இந்த வித்தியாசங்களால் அங்கே புற்று வரும் வாய்ப்பு கூடுமா என்று பல நாடுகளில் தேடியிருக்கிறார்கள். சில ஆராய்ச்சிகள் கொஞ்சம் கூடுவதாகச் சொல்கின்றன. வேறு சில ஒன்றுமே இல்லை என்கின்றன. இருந்தாலும் அது சின்ன அளவு. அதை வைத்து இந்தப் பெண்ணுக்கு வரும், அந்தப் பெண்ணுக்கு வராது என்று தனி ஆளைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

“இதைவிடப் பெரிய கோளாறு வேற ஜீன்கள்ல இருக்கும். செல்லுல வர்ற பழுதைச் சரி பண்ற ஜீன்கள். அதுல ஒண்ணு பிறக்கும்போதே கெட்டு வந்திருந்தா ஆபத்து நிஜமாவே அதிகம். அதை இவங்க பார்க்கவே இல்ல. இந்தத் தாளைவிட எனக்கு உங்க சொந்தக்காரங்க கதைதான் முக்கியம்.”

அறிவியல் தயங்கித் தயங்கிச் சொன்னதை, அந்த டை கட்டியவன் பச்சை மையில் அடித்துச் சொல்லியிருக்கிறான். நிச்சயமாகச் சொல்கிறவனைத்தான் நம் ஆட்கள் நம்புவார்கள். தெரியாது என்று சொல்கிறவன் அவர்களுக்குப் படிக்காதவன்.

“எங்க அத்தைக்கு இருந்துச்சு டாக்டர்” என்றேன். “அப்பாவோட கூடப்பிறந்த அக்கா. சினைப்பையிலதான். அதுலயேதான் போனாங்க.”

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னார்.

“அவ அந்த ஊட்டுக்குப் போனவம்மா. கட்டிக் குட்த்து எத்தினி வருசம். அது அந்த ஊட்டு சாவு. எங்க கணக்குல வராது.”

“கட்டிக் கொடுத்தா ஜீன் மாறிடுமா?”

“அதில்லம்மா. பொம்பள சீக்கு பொம்பள வழியாத்தான் வரும். எனக்கு இன்னா கர்ப்பப்பையா கீது?”

“உங்களுக்கு இல்ல. உங்க பொண்ணுக்கு இருக்கு. அவ உடம்புல இருக்கிறதுல பாதி நீங்க குடுத்தது.”

அப்பா கையை விசிறினார். இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்ற விசிறல் அது, எங்கள் வீட்டுப் பெண்கள் பேசும்போதெல்லாம் வருவது. எனக்கு அடக்க முடியவில்லை.

“நைனா, அன்னிக்குப் பொணத்தைத் தூக்க உடாம கோடிக்குச் சண்ட போட்டியே, அப்ப எங்க ரத்தம் எங்க ரத்தம்னு கத்தினியே. புடவைக்கு மட்டும் உன் ரத்தம், சீக்குக்கு அவங்க ரத்தமா? உன்னால இவ சாவணுமா?”

தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டரம்மா அத்தையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த வயதில், என்ன வைத்தியம், அத்தைக்குப் பெண் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அத்தை செத்ததற்கப்புறம் அவளைப் பற்றி ஒருவர் அக்கறையாக விசாரித்தது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நடந்தது. புற்றுதான். சினைப்பையைத் தாண்டி வயிற்றுக்குள் கொஞ்சம் பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம், கீமோ கொடுக்கலாம், நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த ‘முன்னாடி’ எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஓமத் தண்ணீரிலும் பச்சை வட்டத்திலும் போனது.

ரத்தத்தில் சரியான ஜீன் பரிசோதனையும் செய்தார்கள். அவர் சொன்ன அந்தப் பழுது பார்க்கும் ஜீன்களில் ஒன்று தங்கைக்குக் கெட்டு இருந்தது. பிறப்போடு வந்தது. கூடப்பிறந்தவர்களும் பெற்ற பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் உடனே ரத்தம் கொடுத்தேன். எனக்கு அது வரவில்லை. ஒரே தகப்பனிடமிருந்து அவளுக்குக் கெட்ட பாதியும் எனக்கு நல்ல பாதியும் வந்திருக்கிறது. சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது, ஆனால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதும் உண்மை.

நான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னதற்கு இன்னொரு பலனும் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு வார்டுக்கு வெளியே மாமியாரும் என் அப்பாவும் எதிரெதிரே நின்றார்கள். கீமோ முடியும்வரை இவளை யார் வைத்துப் பார்ப்பது என்று பேச்சு.

“பொறந்த ஊட்டு ரத்தத்துல வந்த சீக்குன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க சம்மந்தி” என்றாள் மாமியார். “அப்ப பொறந்த ஊடே இட்டுக்கினு போய்ப் பாக்கறதுதானே முறை?”

“அதெப்படி? கட்டிக் குட்த்தாச்சு. அவ உங்க ஊட்டு ஆளு.”

“சீக்கை மறைச்சிக் கட்டிக் குட்த்தீங்க.”

“இத்தினி வருசம் சம்பாரிச்சி யார் கைல குட்த்தா? எங்க கைலயா?”

மாப்பிள்ளை நடுவில் நின்று போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். சந்தையில் நொண்டி மாட்டை விற்றவனும் வாங்கியவனும்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவார்கள். மாட்டின் காதில் விழாமல் தள்ளிப் போயாவது பேசுவார்கள். இங்கே நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான் இருந்தது. நான் உள்ளே போனபோது தங்கை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற மாதிரி நடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“உன் ஊட்டுக்கு வந்துடட்டுமாக்கா?” என்றாள்.

கும்மிடிப்பூண்டியில் என் வாடகை வீடு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அங்கேதான் அவள் இருக்கிறாள். மகளும் கூடவே வந்துவிட்டாள். இங்கிருந்தே ரயிலேறிக் காலேஜுக்குப் போகிறாள். புருஷன் ஞாயிற்றுக்கிழமை இளநீரோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கடையைச் சாக்குச் சொல்லிப் போகிறான். அப்பா இதுவரை வரவில்லை. வெளியில் கேட்கிறவர்களிடம் பெரிய பெண்ணுக்குத் துணையாகச் சின்னவள் போயிருக்கிறாள் என்று சொல்கிறாராம். பொய்யில்கூட நோய்க்கு இடமில்லை.

மகள் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது மாமியார் காதுக்கு எட்டியது. அன்றைக்கே பேத்திக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில்தான் போட்டாள், நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

“டெஸ்ட்டும் வாணாம் ஒரு மண்ணும் வாணாம். உங்கம்மாக்கு இன்னான்னு எவன் கேட்டாலும் வயித்துக் கட்டின்னு சொல்லு. வேற பேர் சொன்னே, உன்னை ஒருத்தனும் கட்டிக்கினு போவ மாட்டான். நாளைக்கு எங்களைத்தான் ஊர் காறித் துப்பும்.”

போனை வாங்கி நாலு வார்த்தை கேட்க நான் கையை நீட்டினேன். தங்கை வேண்டாம் என்று தலையாட்டினாள். மகள் போனை வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கீமோவில் முடி கொட்டிய தலையைத் தங்கை அவள் பக்கம் திருப்பினாள். மறுநாள் காலை பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதாக நானும் தங்கை மகளும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். ஆனால் பெண்ணுக்கு வயது இருபதுதானே, பாட்டியின் வார்த்தை அவளைக் கொஞ்சம் ஆட்டிவிட்டிருந்தது.

“அங்க குடும்பத்துல யாருக்கு இருந்துச்சுன்னு கேட்டா இன்னாம்மா சொல்றது?”

தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“மொதல்ல எங்க அத்தையச் சொல்லு. அப்பால என்னைச் சொல்லு. நான் இல்லாம போய்ட்டாலும், உட்டுடாம சொல்லு.”